பூமியைத் தட்டிப் பார்த்த கதை

தென்னாட்டிலிருந்து பிழைப்பின் பொருட்டுத் தலைநகருக்கு வந்து குடியேறிய நம்மவர்க்கு இந்நகரம் கற்பித்த பாடங்கள் பல. மார்கழிக் குளிர் ஒன்று, வைகாசி அனற்காற்று மற்றொன்று, நிலநடுக்கம் மூன்றாவது. ஊரில் இருந்த காலத்தில் பூகம்பம் என்பதைப் பத்திரிகைச் செய்தியாக மட்டுமே அறிந்திருந்த நம் இல்லத்தரசியர், இங்கு வந்த பின்னரே மின்விசிறி தானாக ஆடுவதையும், அடுக்களைப் பாத்திரங்கள் கலகலப்பதையும் கண்டு, குழந்தைகளை அள்ளிக்கொண்டு படியிறங்கப் பழகினர்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் விடியற்காலை 5 மணி 36 நிமிடத்திற்கு நேர்ந்த அதிர்ச்சி நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். அதன் அளவு 4.0, மையம் தௌலா குவான் பகுதி, ஆழம் 5 கிலோமீட்டர் என்று அன்று காலையிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. பெருஞ்சேதம் ஏதும் இல்லை. ஆயினும் இடி உருண்டாற் போன்றதோர் ஓசையுடன் நிலம் அசைந்ததால், உறங்கியவரெல்லாம் திடுக்கிட்டு எழுந்தனர்.

அன்று அலுவலகத்தில் உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். பூமிக்குள் ஐந்து கிலோமீட்டர் ஆழம் என்று இவர்கள் எப்படி அளந்து சொல்கின்றனர், யார் இறங்கிப் பார்த்தது, என்பதே அக்கேள்வி. நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் புகுந்தால், ஐந்து கிலோமீட்டர் என்ன, நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளதையும், இருநூறு முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான பாறைகளின் அமைப்பையும் விஞ்ஞானிகள் எவ்வாறு அறிந்தனர் என்ற விந்தையான வரலாறு விரிகின்றது. அதனை நம் சங்கத்துக் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்று காண முடியாத இடம்

வானத்தில் மனிதன் சந்திரன் வரை சென்று திரும்பிவிட்டான். ஆனால் காலடியில் அவன் சென்ற தூரம் மிகக் குறைவு. ரஷ்யாவின் வடகோடியில் உள்ள கோலா என்னுமிடத்தில் பல ஆண்டுகள் முயன்று துளைத்த துளையே உலகில் மிக ஆழமானது. 1989இல் அது எட்டிய ஆழம் 12,262 மீட்டர். பன்னிரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைக்கு அருகே, பூகம்பத்தை ஆராய்வதற்கென்றே 2017இல் துளைத்து முடித்த துளையின் ஆழம் 3 கிலோமீட்டர்.

மனிதர் தாமே இறங்கிய ஆழத்தைப் பற்றிப் பேசினால், நம்மவரைத் தவிர்த்துப் பேச இயலாது. கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்ஷியசுக்கும் மேல். வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து குடிபெயர்ந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அவ்விருளில் இறங்கி உழைத்தனர். பாறையின் இறுக்கம் தாளாது சுரங்கச் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அந்தப் பாறை வெடிப்புக்கு உயிர் கொடுத்தவர் பலர். அவ்வெடிப்புகள் எங்கே நிகழ்கின்றன என்று கண்டறியவும் நில அதிர்வுக் கருவிகள் அங்கு வைக்கப்பட்டிருந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அச்சுரங்கம் மூடப்பட்டது.

இத்தனை பாடுபட்டும் மனிதன் கண்டது, நிலத்தின் மேற்றோலைக் கீறிய அளவே. நாம் நிற்கும் கண்டத்தின் கல்தட்டு முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் கனமுள்ளது. அதன் அடியைக் கண்ணால் கண்டவர் எவரும் இலர், காணப்போகிறவரும் இலர். கண் செல்லாத இடத்தில் காது சென்றது என்பதுதான் நாம் சொல்ல வந்த கதை.

சுத்தியலும் சக்கரமும்

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டி அதனை விரலால் தட்டிப் பார்க்கிறாள். ஓசை கணீரென்றால் நல்ல பானை. மங்கினால் எங்கோ விரிசல். தேங்காய்க்கும் பலாப்பழத்துக்கும் இதே சோதனைதான். ரயில் நிலையத்தில் வண்டி நின்றதும், நீண்ட காம்புள்ள சுத்தியலால் ஒருவர் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே செல்லும் காட்சியை நம்முள் வயதானவர்கள் பலமுறை கண்டிருப்பர். அதுவும் அந்தப் பாட்டியின் வித்தைதான். இன்று தண்டவாளத்தின் உள்விரிசலைக் காணச் செவிக்கு எட்டாத நுண்ணொலியைச் செலுத்தி, அது விரிசலில் மோதித் திரும்பும் நேரத்தைக் கருவியால் அளக்கிறார்கள். ரயில்வே இலாகாவில் பேனா பிடிக்கும் நம் போன்றோருக்கு இவ்வேலைகளின் நுட்பம் தெரியாவிடினும், தட்டினால் உள்ளிருப்பது தெரியும் என்ற தத்துவம் எளிதில் விளங்குகின்றது.

பூமியைத் தட்டும் சுத்தியல் பூகம்பம். எங்கேனும் ஓரிடத்தில் பாறை பிளந்தால் அவ்விடத்திலிருந்து அலைகள் புறப்பட்டு நாற்புறமும் கீழும் பரவுகின்றன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது, பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தளர்த்திக்கொண்டு செல்லும் அலை. சரக்கு வண்டியில் எஞ்சின் இடித்தவுடன் அந்த இடி ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குத் தாவிச் செல்வதைப் போன்றது. இரண்டாவது, பாறையைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு செல்லும் அலை. கயிற்றின் ஒரு நுனியை உதறினால் நெளிவு ஓடுவதைப் போன்றது. முந்தியது மேற்பாறையில் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். பிந்தியது மூன்றரை கிலோமீட்டர் ஓடும். எனவே ஒன்றை விரைவு வண்டி என்றும் மற்றதைப் பாசஞ்சர் வண்டி என்றும் கொள்ளலாம்.

ஒரே நிலையத்திலிருந்து ஒரே நேரத்தில் இரு வண்டிகளும் புறப்பட்டால், தூரம் கூடக்கூட இரண்டுக்கும் இடையே உள்ள நேர வேறுபாடும் கூடும் அன்றோ? கணக்கிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு விநாடி வேறுபாட்டுக்கும் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் வரும். பத்து விநாடி வேறுபாடு என்றால் பூகம்பம் 80 கிலோமீட்டர் தொலைவில் நேர்ந்தது. கருவிக்கு நேர் கீழே நேர்ந்ததாயின் அத்தூரமே ஆழம். நம் நண்பரின் கேள்விக்கு விடை இதுவே. தௌலா குவானுக்கு நேர் மேலே ஒரு கருவி இருந்திருப்பின், ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு அது காணும் இடைவெளி ஏறக்குறைய அரை விநாடிதான். ஒரு கருவி தூரத்தை மட்டும் சொல்லும். பல கருவிகளின் கணக்கு ஒன்றுசேர்ந்தால் இடமும் ஆழமும் துலங்கும்.

அஸ்ஸாம் கற்பித்ததும் குரோஷியா கற்பித்ததும்

இந்த இரு அலைகளையும் கருவிப் பதிவில் முதன்முதலாகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் நம் நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த ஆர். டி. ஓல்டாம் என்ற அறிஞர். 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அஸ்ஸாமில் ஷில்லாங் பகுதியைத் தகர்த்த மாபெரும் பூகம்பத்தை அவர் ஊர் ஊராக ஆராய்ந்தார். அதன் அலைகள் ஐரோப்பாவிலுள்ள கருவிகளையும் எட்டியிருந்தன. அப்பதிவுகளை நுணுகி நோக்கியே 1900ஆம் ஆண்டில் அலைகளின் வகைகளை அவர் வெளியிட்டார். 1906இல், பூமியின் நடுவே வேறு தன்மையுள்ள கரு ஒன்று உண்டு என்பதையும் அதே வழியில் நிறுவினார். அப்பூகம்பத்தை ஒட்டியே கல்கத்தாவின் அலிப்பூரிலும், பம்பாயிலும், நம் கொடைக்கானலிலும் நில அதிர்வுக் கருவிகள் நிறுவப்பெற்றன.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் இன்றைய குரோஷியாவைச் சேர்ந்த மொகொரோவிசிச். 1909ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் அந்நாட்டில் குல்பா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நேர்ந்த பூகம்பத்தின் பதிவுகளில் அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஒரே பூகம்பத்திலிருந்து விரைவு அலை ஒன்றுக்கு இரண்டாக வந்து சேர்ந்தது. அருகிலுள்ள நிலையங்களில் ஒன்று முந்தியது. தொலைவிலுள்ள நிலையங்களில் மற்றொன்று முந்தியது.

இதன் பொருள் யாது? குறுக்குப் பாதையில் மெதுவாகச் செல்லும் வண்டியையும், சற்றுச் சுற்றிச் சென்று பிரதானப் பாதையைப் பிடித்து வேகமாகச் செல்லும் வண்டியையும் எண்ணிக்கொள்வோம். அருகிலுள்ள ஊருக்குக் குறுக்குப் பாதையே விரைவு. வெகுதூரம் போக வேண்டுமாயின் சுற்றிச் சென்றவன் முந்திவிடுவான். அவ்வாறே, ஆழத்தில் அலை வேகமாக ஓடக்கூடிய வேறொரு பாறை இருத்தல் வேண்டும் என்று அவர் முடிவு கண்டார். மேலே 6 முதல் 7 கிலோமீட்டர் வேகம். அந்த எல்லையைக் கடந்ததும் திடீரென 8 கிலோமீட்டர். இந்த எல்லைக்கே அவர் பெயரைச் சுருக்கி ‘மோஹோ’ என்று உலகம் வழங்குகின்றது. அதற்கு மேல் உள்ளது மேலோடு. கீழே உள்ளது மேன்டில் என்னும் கனத்த பாறை. சமுத்திரத்தின் அடியில் மேலோடு ஏழு கிலோமீட்டர் அளவே; கண்டங்களில் முப்பத்தைந்து, நாற்பது; இமயத்துக்கு அப்பால் திபெத்தில் எழுபது வரை.

காவலி முதல் உடுப்பி வரை

பூகம்பம் நம் விருப்பப்படி வருவதன்று. ஆகவே விஞ்ஞானிகள் தாமே பூமியைத் தட்டத் துணிந்தனர். ஹைதராபாத்தில் 1961இல் தொடங்கப்பெற்ற தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகம், 1972ஆம் ஆண்டில் சோவியத் விஞ்ஞானிகளின் ஒத்துழைப்புடன் இப்பணியை மேற்கொண்டது. கிழக்கே காவலி, மேற்கே உடுப்பி. காவலி என்றவுடன் நம்மவர் முகம் மலரும். டில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டிகள் நெல்லூருக்கு முன் கடந்து போகும் அதே காவலிதான். இவ்விரு கரைகளுக்கும் இடையே சுமார் 600 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்று வகுத்து, இடைவெளி விட்டுத் துளைகள் இட்டு, அவற்றில் வெடிமருந்தை வைத்து வெடித்தனர். கோடு நெடுகிலும் தரையில் ஊன்றிய சிறு செவிக்கருவிகள், பாறை எல்லைகளில் பட்டுத் திரும்பிய அலைகளைப் பதிவு செய்தன. கே. எல். கைலா முதலிய இந்திய விஞ்ஞானிகள் அப்பதிவுகளை ஆராய்ந்து 1979இல் முடிவை வெளியிட்டனர்.

தக்கணத்தின் பண்டைப் பாறை ஒரே பலகையாய்ச் சமமாக இருக்கும் என்று எண்ணியிருந்தவர்க்கு அம்முடிவு வியப்பளித்தது. மோஹோ எல்லை ஓரிடத்தில் 34 கிலோமீட்டரிலும் வேறோரிடத்தில் 41 கிலோமீட்டரிலும் இருந்தது. மேலோட்டை அடிவரை வெட்டிச் செல்லும் பிளவுகள் அதனைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தன. பார்வைக்கு ஒரே தோட்டமாய்த் தோன்றும் நிலத்தின் அடியில் பழைய பாத்திவரப்புகள் இருப்பதைக் கண்டாற் போலாயிற்று. பின்னர் வேறு முறைகளால் ஆராய்ந்தபோதும், கர்நாடகத்தின் மேற்குப் பகுதியில் மேலோடு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்டு 50 கிலோமீட்டரை நெருங்குவதும், கிழக்குப் பகுதியில் 35 கிலோமீட்டர் அளவே இருப்பதும் உறுதியாயின. மேற்கிலுள்ள பாறைகளுள் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை உண்டு. இரண்டு வெவ்வேறு குடும்பத்துப் பாறைகள் பின்னொரு காலத்தில் ஒன்றுசேர்ந்து ஒரே நிலமாயின என்று அறிஞர் கருதுகின்றனர்.

வெடிமருந்து இன்றியும் இக்காரியம் கைகூடும். ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ நேர்ந்த பூகம்பத்தின் விரைவு அலை ஆழத்தின் வழியே வந்து, நம் காலடியிலுள்ள மோஹோவை அடியிலிருந்து மோதும்போது, அதில் ஒரு பகுதி பாசஞ்சர் அலையாக மாறிவிடுகின்றது. விரைவு அலை முதலில் மேலே வர, மாறிய அலை நாலைந்து விநாடி பிந்தி வரும். அந்த விநாடிகளையும் எட்டால் பெருக்கினால் மேலோட்டின் கனம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஐந்து விநாடியாயின் நாற்பது கிலோமீட்டர். இதற்குத் தேவை ஒரு நல்ல கருவியும் பொறுமையும் மட்டுமே. 1960களின் தொடக்கத்தில் உலகெங்கும் ஒரே மாதிரிக் கருவிகள் நிறுவப்பெற்றபோது, இந்தியாவில் டில்லி, கொடைக்கானல், பூனா, ஷில்லாங் ஆகிய நான்கு இடங்கள் அந்தச் சங்கிலியில் சேர்ந்தன. இன்று டில்லி லோதி சாலையிலுள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் கீழ் நாடெங்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இரவும் பகலும் செவி சாய்த்திருக்கின்றன.

ஆரவல்லியின் வேர்

இனி நம் டில்லிக்கு வருவோம். ராமகிருஷ்ணபுரத்தில் சுவாமிநாத சுவாமி எழுந்தருளியிருக்கும் மலை மந்திருக்கு ஏறாத தமிழ்க் குடும்பம் தலைநகரில் அரிது. அக்குன்றும், ராஷ்டிரபதி பவனத்துக்குப் பின்னே நீளும் காட்டு மேடும், வடக்கே பல்கலைக்கழகத்தை ஒட்டிய பாறை முகடும் ஒரே மலையின் துண்டுகள். குஜராத்தின் எல்லையில் தொடங்கி ராஜஸ்தானத்தைக் கடந்து வரும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால் அது. அதன் பாறை, பண்டைய கடல் மணல் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகி உருவான குவார்ட்சைட் என்னும் கடினமான கல். அதன் வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். இமயமலை அதன்முன் கைக்குழந்தை.

இன்று தேய்ந்து குன்றாகிவிட்ட இம்மலை ஒரு காலத்தில் நெடிதுயர்ந்து நின்றதா? அதை அறிய ஹைதராபாத் கழகத்தார் ராஜஸ்தானத்தில் நாகௌர் முதல் ஜாலாவார் வரை சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடரைக் குறுக்கே கடந்து ஒரு கோடு வகுத்துத் தட்டிப் பார்த்தனர். அலை நேராகக் கீழிறங்கி எல்லையில் மோதி அதே வழியில் திரும்பும் நேரத்தை அளக்கும் முறை இது. நாற்பது கிலோமீட்டர் ஆழம் போய் வர எண்பது கிலோமீட்டர். விநாடிக்குச் சராசரி 6.4 கிலோமீட்டர் எனில் பன்னிரண்டரை விநாடி.

1997இல் வெளியான அதன் முடிவு, மலையின் அடியில் மேலோடு பருத்து 45 கிலோமீட்டரையும் தாண்டியிருப்பதைக் காட்டியது. மேலும், பாறைப் பட்டைகள் கிடையாக இராமல் சாய்ந்து ஆழத்துக்கு இறங்கிச் செல்வதும் புலனாயிற்று. இரண்டு நிலப்பரப்புகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒன்றின் கீழ் ஒன்று நுழைந்து மலை எழும்பிய இடங்களில்தான் இத்தகைய சாய்வு காணப்படும். இமயத்தில் இன்று நிகழ்வது ஆரவல்லியில் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. மலையின் தலையை மழையும் காற்றும் கரைத்துவிட்டன; வேர் மட்டும் இன்னும் மண்ணுள் ஊன்றி நிற்கின்றது. வெட்டுண்ட ஆலமரத்தின் அடிவேரைக் கண்டு மரத்தின் பருமனை ஊகிப்பது போல, வேரைக் கேட்டு மலையை அறிந்தனர்.

பரங்கிமலைக் கல்

தமிழ்நாட்டின் பாறைக்கும் இதில் தனிச்சிறப்பு உண்டு. கல்கத்தா நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் பேசப்பட்ட ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை அங்குள்ள தூய ஜான் தேவாலயத்தில் இருக்கின்றது. அக்கல்லறையின் கருநிறக் கல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டி. எச். ஹாலந்து 1893இல் அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். இன்று உலகில் எங்கு அவ்வகைப் பாறை காணப்பட்டாலும் அப்பெயரே வழங்குகின்றது. தாம்பரம் செல்லும் மின்சார வண்டியில் பரங்கிமலை, பல்லாவரம் நிலையங்களைக் கடக்கும்போது கண்ணில் படும் கரிய பாறைகள் அவை.

இப்பாறையின் விசேஷம் யாதெனில், இது நிலத்தின் மேற்பரப்பில் உருவாகும் பாறை அன்று. எழுநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்தில் சமைந்தது; வயது சுமார் 250 கோடி ஆண்டு. அது இன்று மேலே இருக்கின்றதென்றால், அதன் தலைமேல் இருந்த 25 கிலோமீட்டர் கல்லும் கரைந்து போயிருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் அடியில் இப்போது எவ்வளவு மிச்சம்? இக்கேள்விக்காகவே குப்பம் முதல் பழனி வரை சுமார் 300 கிலோமீட்டர் கோடு வகுத்துத் தட்டிப் பார்த்தனர். 2003இல் வெளியான முடிவின்படி அடியில் இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல் மேலோடு இருக்கின்றது. போனதையும் இருப்பதையும் கூட்டினால் அறுபத்தைந்து. இருப்பதில் ஒரு பகுதி பின்னர் கீழிருந்து சேர்ந்திருக்கவும் கூடும். எனினும் சேலம், ஈரோடு, திண்டுக்கல் சீமைகள் ஒரு யுகத்தில் திபெத்தைப் போன்ற உயர்ந்த பீடபூமியாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

அலைகள் பாறையின் பெயரைச் சொல்வதில்லை. வேகத்தை மட்டுமே சொல்கின்றன. கிராணைட்டில் ஆறு, ஆழத்துக் கரும்பாறையில் ஏழு என்று வேகத்தை ஒப்பிட்டே பெயரை ஊகிக்க வேண்டும். ஆழத்தில் சமைந்த பாறையைக் கையில் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் வாய்ப்பைத் தருவதால்தான் நம் பரங்கிமலைக் கல்லை உலக விஞ்ஞானிகள் போற்றுகின்றனர்.

பழைய நிலம் அசையாதா?

இவையெல்லாம் கற்றோர் பொழுதுபோக்குத்தானே, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். ஆவது உண்டு.

தக்கணம் பழமையானது, இறுகியது, ஆகவே அசையாது என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கொய்னாவில் நேர்ந்த பூகம்பம் அந்நம்பிக்கையை ஆட்டியது. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் விடியுமுன் லாத்தூர் ஜில்லாவின் கில்லாரியில் நேர்ந்தது அதனைத் தகர்த்தே விட்டது. விநாயகரை நீரில் விட்டு வந்து உறங்கிய மக்கள் மீது கல்லும் மண்ணுமாக அடுக்கிய கனத்த சுவர்கள் விழுந்தன. சற்றேறக்குறையப் பதினாயிரம் பேர் மாண்டனர். அதிர்ச்சியின் அளவு 6.2தான். அதே அளவு வேறு நாடுகளில் வந்து ஒருசிலர் காயத்தோடு தப்பியதும் உண்டு. ஆகவே அங்கே உயிர்களைக் கொன்றது நிலத்தைவிடச் சுவரே எனலாம். 1997ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஜபல்பூரில் நேர்ந்த பூகம்பம் மற்றொரு வியப்பு. அதன் ஆழம் சுமார் 35 கிலோமீட்டர். நர்மதைப் பள்ளத்தாக்கைக் கடந்து முன்னரே தட்டிப் பார்த்த கோடுகள் அங்கே மேலோட்டின் அடிவரை பழம் பிளவுகள் இறங்குவதைக் காட்டியிருந்தன. பழைய தையல் இருக்கும் இடத்தில்தானே துணி மறுபடியும் கிழியும்?

டில்லியும் அத்தகைய பழம் பிளவுகள் ஓடும் நிலம். 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் நகரை உலுக்கிய அதிர்ச்சியில் பலர் காயமுற்றனர். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பாறை மேட்டின்மீது உள்ள வீட்டை அலை விரைந்து கடந்துவிடும். யமுனை கொணர்ந்து குவித்த வண்டல் மண்ணில் அலையின் வேகம் குறையும். ஆனால் ஆட்டம் பெருகும். நகரின் சில இடங்களில் அவ்வண்டல் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுடையது. யமுனைக்கு அப்பால் மயூர் விஹார், லட்சுமி நகர் முதலிய பகுதிகளில் நம்மவர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். எந்த வட்டாரத்தில் நிலம் எவ்வளவு ஆடும் என்பதை அளந்து மத்திய அரசு 2016இல் விரிவான வரைபடமே வெளியிட்டிருக்கின்றது.

ஆகையால் சேமிப்பனைத்தையும் கொட்டி அடுக்குமாடி வீடு வாங்கும் அன்பர்கள், சமையலறை எத்திசையில் இருக்கின்றது என்று கேட்பதோடு நில்லாமல், கட்டடம் பூகம்பத்தைத் தாங்கும் விதிகளின்படி கட்டப்பட்டதா, அதற்குப் பொறியாளர் சான்று உண்டா என்றும் கேட்க வேண்டும். அடித்தளத்தில் மோட்டார் வண்டிகளுக்காகத் தூண்களை மட்டும் நிறுத்திச் சுவரில்லாமல் விட்ட கட்டடங்களைப் பொறியாளரிடம் காட்டி யோசனை கேட்டல் நலம். வீட்டில் உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைத்தல், கட்டிலுக்கு மேலே கனத்த பொருள்களை வையாதிருத்தல், நடுங்கும்போது மேசைக்கடியில் ஒடுங்கித் தலையைக் காத்து, நின்றபின் படி வழியே இறங்குதல் ஆகியவை செலவில்லாத காப்புகள். மின்தூக்கியை நாடுதல் கூடாது.

ஜன்னலோரத்தில் ஒரு பாடம்

கோடை விடுமுறை வந்தால் நாம் அனைவரும் குழந்தை குட்டிகளுடன் தெற்கே புறப்படுகின்றோம். முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட அப்பயணத்தில் சீட்டாட்டமும் உறக்கமும் போக மிஞ்சும் நேரம் ஏராளம். ஜன்னலோரம் அமரும் பிள்ளைகளுக்கு வழியிலுள்ள கற்களைக் காட்டலாம். ஆக்ரா தாண்டித் தோல்பூரில் ராஷ்டிரபதி பவனத்துக்குக் கல் தந்த மணற்பாறை. ஜான்சியில் கோட்டையைத் தாங்கும் புந்தேல்கண்ட் கிராணைட். நர்மதைப் பாலத்தின் கீழே பழம் தையல். இட்டார்சிக்கும் நாகபுரிக்கும் இடையே ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கி உறைந்த கருங்குழம்பு. பல்லார்ஷாவுக்கு அப்பால் நிலக்கரி. வாரங்கலில் உருண்டு திரண்ட கிராணைட் குன்றுகள். காவலியில் கடல்வரை தட்டிப் பார்த்த கோட்டின் கிழக்கு முனை. முடிவில் சென்னையில் பரங்கிமலைக் கல்.

வெவ்வேறு காலத்தில், வெவ்வேறிடத்தில் பிறந்த கற்கள் நெருங்கி வந்து, ஒட்டி, ஒரே நாடாயின. அவற்றின் இணைப்புகளைக் கண்டறியும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. கோடு போடாத இடங்களே அதிகம். கணக்கிலும் பௌதிகத்திலும் ஆர்வமுள்ள நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர் எவரேனும் நாளை அக்கோடுகளில் ஒன்றைப் போடுவராயின், அதைவிட நம் சங்கத்துக்கு வேறென்ன பெருமை வேண்டும்? இவ்வாண்டுப் பயணத்திலேயே அவர்களுக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுங்கள்.